வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

டீசலும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்குக் கடலூர் முதுநகரில் அக்கா வீட்டுக் கொட்டகை வந்துவிடுகிறது. ஓடு பறந்துபோன கொட்டகை. மேலே வெறும் வானம், கீழே கார், காரின் திறந்த வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு நானும் மாமாவும். வாசலில் அக்கா. உள்ளே வரமாட்டாள், விலகியும் போகமாட்டாள்.

தானே புயல் அடித்து ஓய்ந்திருந்த தை மாதம். தெருவில் மின்கம்பங்கள் மடிந்து கிடந்தன. கரண்ட் இல்லாததால் கையால் பிடிக்கிற சாமான்களை மட்டும் சிதம்பரத்து என் பட்டறையிலிருந்து பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருந்தேன். அக்கா போனில் கேட்டது ஒன்றுதான். மகனுடைய திதிக்குள் அந்த இன்ஜின் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும்.

அவள் மகன், தான் பிறப்பதற்கு முன்பே தயாரான பழைய காரைத் தேடி வாங்கி, தன் கையாலேயே சரிசெய்து ஓட்டியவன். புவனகிரிப் பக்கம் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு கார் வருஷக்கணக்கில் நின்றது. ஆனால் அக்கா அதைச் சும்மா நிற்க விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கழுவினாள், சந்தனம் குங்குமம் வைத்தாள், அவன் செய்ததைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தவள், அவனைப் போலவே ரேடியேட்டர் மூடியைத் திறந்து சொம்பால் தண்ணீர் ஊற்றினாள். கீழே எங்கோ கசிந்து வாரா வாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். கார் குடித்துவிட்டது என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

அவன் ஊற்றியது திருவந்திபுரம் பக்கம் போய் கேனில் பிடித்துவந்த நல்ல தண்ணீர். அவள் ஊற்றியது வீட்டு போர் தண்ணீர். உப்பனாற்றங்கரை போர். உப்பு கரித்து வாயில் வைக்க முடியாது.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே படிந்திருந்த உப்பைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. என் முகத்தைப் பார்த்து மாமாவுக்கும் புரிந்தது. அருகில் வந்து குரலை அடக்கிச் சொன்னார். "மச்சான், அவகிட்ட சொல்லிடாத. புயல்ல தண்ணி பூந்துடுச்சின்னு சொல்லிக்கலாம். தன்னாலதான் போச்சின்னு தெரிஞ்சா தாங்கமாட்டா."

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஹெட் கழலவில்லை. அலுமினியமும் இரும்பும் உப்பில் ஊறி ஒன்றையொன்று தின்று, ஒரே உலோகமாகிக் கிடந்தன. டீசலையும் மண்ணெண்ணெயையும் கலந்து ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் கம்பி ஒவ்வொன்றின் தலையிலும் விட்டு ஒரு நாள் ஊறவைத்தோம். மறுநாள் மரச்சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். தட்டுவது வீட்டுக்குள்ளும் கேட்டது. யாரோ பூட்டிய கதவைத் தட்டுவது போலத்தான் இருந்தது. தட்டிவிட்டு நிறுத்தும்போதெல்லாம் நாங்கள் மூவருமே காதைக் கொடுத்தோம், எதற்கென்று தெரியாமல்.

மாமாவால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. "ஒங்க வூட்டுப் பொண்ணாட்டமே இருக்குது மச்சான். புடிச்சா வுடமாட்டேங்குது."

"வுட்டிருந்தா நா எப்பவோ நல்லா இருந்திருப்பேன்" என்றாள் அக்கா வாசலிலிருந்து.

கடைசியாகக் கயிறு வேலை. பிளக்கைக் கழற்றினேன். அந்தத் துளையிலிருந்து எரிந்த பெட்ரோல் வாசனை மெல்ல வந்தது. அவன் கடைசியாக இன்ஜினை நிறுத்திய நாளின் வாசனை. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துக் கொடுத்தாள். அந்தக் கயிற்றைத் துளை வழியே சிலிண்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தேன். பிஸ்டன் மேலே ஏறும்போது கயிறு நசுங்கும். நசுங்க இடமில்லாமல் போனால் ஹெட்டை முட்டித் தூக்கும்.

மாமா முன்பக்கம் இன்ஜினைச் சுற்றும் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். சுற்று பாதியில் நின்றது. "இன்னும் கொஞ்சம், மாமா. மெதுவா." அவர் கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளேயிருந்து ஒரு முனகல். இரும்பின் முனகல்தான், வேறென்ன. ஆனாலும் அக்கா அந்த இரண்டு நாளில் அப்போதுதான் முதல்முறையாகக் கொட்டகைக்குள் கால் வைத்தாள். ஹெட் ஒரு நூல் அளவு எழும்பியது. பிறகு இன்னொரு நூல். நானும் மாமாவும் சேர்ந்து தூக்கித் தரையில் சாக்கின் மேல் கவிழ்த்தோம்.

தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. ஓரங்கள் செல்லரித்த மாதிரி தின்னப்பட்டிருந்தன. அந்த ஹெட் இனி எந்த இன்ஜினுக்கும் உட்காராது.

"புயல் மழம்மா" என்றார் மாமா அவசரமாக. "பூந்த தண்ணி இப்புடிப் பண்ணிடுச்சி."

அக்கா குந்தினாள். நகத்தால் அந்த வெள்ளையைச் சுரண்டினாள். நாக்கு நுனியில் வைத்தாள்.

"இட்லிப் பான அடியில இதத்தான வாரத்துக்கு ஒருவாட்டி தேய்க்கிறேன்" என்றாள். "மழத்தண்ணி எங்கயாச்சும் உப்பு கரிக்குமாங்க?"

மாமா ஹேண்டிலை மறுபடி எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அழவில்லை. முந்தானையால் ஹெட்டைத் துடைத்தாள், குழந்தைக்கு வாய் துடைத்துவிடுவது போல.

புதுச்சேரியில் வேறு ஹெட் கிடைக்கிறதா என்று விசாரிப்பதாகச் சொன்னேன். திதிக்குள் ஆகாது என்பதையும் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். சாயங்காலம் பஸ் நிற்கும் இடம்வரை கூடவே நடந்து வந்தாள். வழியெல்லாம் வேரோடு சாய்ந்த மரங்கள். சிதம்பரம் பஸ் வந்து நின்றபோது என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அவன் இருந்திருந்தா என்னத் திட்டியிருப்பான்ல, தம்பி?"

"திட்டியிருப்பான்க்கா."

"என்னான்னு திட்டியிருப்பான்? சொல்லேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். நான் படியில் நின்றபடி, அவன் பேசுகிற வேகத்தில், கையைக்கூட அவனைப் போல ஆட்டிச் சொன்னேன்.

"ஏம்மா, ஒனக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா? போர் தண்ணியயா கார்ல ஊத்துவாங்க?"