என்ன சுகமில்லை?

மாதாவின் பிள்ளைகளே, வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சொல்கிறேன். நான் பிலோமினா, விடத்தல்தீவில் கருவாடு போடுகிறவள். ஒன்பது வருடமாக மாதத்தில் ஐந்து நாள், மீனின் வயிற்றைக் கிழிப்பதுபோல் என் அடிவயிறு வலித்தது. நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. மீன் காயப்போடும் கருவாட்டு வாடியில் எனக்கு "வேலைக்கள்ளி" என்று பெயர்.

மாதவிலக்கை எங்கள் ஊர்ப் பெண்கள் "சுகமில்லை" என்றுதான் சொல்வோம். வேறு சொல் வாயில் வராது. அரசாங்க மருந்துச்சாலையில் நோய் பார்க்கும் அப்போதிக்கரியிடமும் அதையே சொன்னேன்.

"சுகமில்லாத நாளிலைதான் வலிக்குது, ஐயா."

"சுகமில்லாட்டி வலிக்கும்தானே, பிள்ளை!"

சிரித்துக்கொண்டே பேதி மருந்து தந்தார். ஒரு தரமல்ல, நாலு தரம்!

தவக்காலத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப்பாதை நடக்கும்போதே வலி வந்துவிட்டது. "தாயே, ஒன்றில் இந்த வலியை எடும், இல்லாவிட்டால் என்னை எடும்" என்று அழுதேன். உண்மையாகவே சாக நினைத்தேன். அந்த நேரம் என் தோளில் ஒரு கை பட்டது. நோயாளிகளைப் பார்க்க அன்றுதான் ஊருக்கு வந்திருந்த கன்னியாஸ்திரி!

"என்ன செய்யுது, பிள்ளை?"

"சுகமில்லை, மதர்."

"என்ன சுகமில்லை?"

ஒன்பது வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி! என் வாய் தானாகத் திறந்தது.

"இரத்தம் போற நாளிலை உயிர் போகுது, மதர்!"

கோயில் முழுக்கக் கேட்டது. ஆண்கள் பக்கம் தலைகள் திரும்பின. என் கணவர் சந்தியோகு எழும்பி எங்களிடம் வந்தார். "அவள் சொல்லுறது மெய், மதர். நான் பாக்கிறனான்" என்றார்.

மதர் சொன்னபடி வலைநூலில் அடையாளம் வைத்தேன். வலித்த நாளுக்கு முடிச்சு, இரத்தம் போன நாளுக்குச் சிவப்பு நூல். மூன்று மாதம் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் டாக்டர் அந்த நூலைத் தடவித் தடவிப் பார்த்தார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியிலும் வளர்ந்து, மாதாமாதம் இரத்தம் கசிந்து கட்டியாகியிருக்கலாம் என்றார். "இது வருத்தம், உண்மையான நோய், நடிப்பில்லை" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே பாதி உயிர் திரும்பிவிட்டது! சோதித்துப் பார்த்துக் கட்டியை வெட்டி எடுத்தார்கள்.

முழுக்க மாறவில்லை, பொய் சொல்லமாட்டேன். வலி திரும்பி வரலாமாம். அதனால் இப்போதும் முடிச்சுப் போடுகிறேன். கூடினால் போய்க் காட்டுவேன். அந்த நாட்களில் வெந்நீர் ஒத்தடம், கூடை தூக்குவதில்லை. போன மாதம் முடிச்சு ஒன்றே ஒன்று! மாதாவே, உமக்குத் தோத்திரம்!

இப்போது வாடியில் எவளாவது "சுகமில்லை" என்றால், "என்ன சுகமில்லை?" என்று நான் கேட்கிறேன். சகோதரிகளே, நம்பிச் செபியுங்கள். "சுகமில்லை" என்றால் மாதாவுக்கு விளங்கும். அப்போதிக்கரிக்கு விளங்காது, அவரிடம் உடைத்துச் சொல்லுங்கள்!