ரிஜெக்ட் தொட்டி

எங்கள் வீட்டில் இறால் வளர்ந்தது குழம்புக்காக இல்லை என்பதை அக்கம்பக்கத்துக்குப் புரியவைக்க ஒரு வருஷம் ஆயிற்று. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் மாதம் ஒருமுறை கண்ணாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ரொய்யலு பெத்தவய்யாயா? கூர எப்புடு?" என்பார். வளர்ந்துவிட்டனவா, கறி எப்போது என்று அக்கறையான விசாரிப்பு. என் நைனாவோ, "இத்த மொத்தமா வழிச்சிப் போட்டாலும் ஒரு வாய்க்குக் காணாது" என்று உதட்டைப் பிதுக்குவார். ஒவ்வொன்றும் விரல் நகத்தளவுதான் இருக்கும். மிளகாய்ப் பழத்துக்குக் கால் முளைத்ததுபோல் செக்கச்செவேலென்று இலையில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

திருப்பதியில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டில் அந்தத் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தவள் சித்தி, அம்மாவின் தங்கை. ஏர்பேட்டுக்குப் போகும் வழியில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. பெல்ட்டில் வரும் பாகங்களை நாள் முழுக்கப் பார்த்து, கீறலோ புள்ளியோ நிறமங்கலோ இருந்தால் எடுத்து ரிஜெக்ட் பெட்டியில் போடவேண்டும். கம்பெனி பஸ்ஸை விட்டு அவள் இறங்கினாலும் அந்தக் கண் அவளை விட்டு இறங்காது. சோற்றில் கல், என் நோட்டில் தப்பு, நைனாவின் சட்டையில் அறுந்த பொத்தான், எல்லாம் மாட்டும். கூட வேலை செய்தவள் கொடுத்தாள் என்று பத்து இறாலைக் கவரில் கொண்டுவந்தாள். பத்தும் பத்து நிறம். ஒன்று சிவப்பு, ஒன்று வெளிறிய ரோஸ், ஒன்றுக்கு நிறமே இல்லை, தின்றது கூட வெளியே தெரிந்தது. சித்திக்குப் பொறுக்கவில்லை.

"அல்லாத்தையும் ஒரே செவப்பாக்கிக் காட்றேன் பாரு," என்றாள்.

வழி கேட்பதற்குச் சுலபம். நல்ல சிவப்பை மட்டும் ஒரு தொட்டியில் விட்டுக் குஞ்சு பொரிக்க வைப்பது, அந்தக் குஞ்சுகளிலும் நல்ல சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு மங்கியதைப் பக்கத்துத் தொட்டிக்குத் தள்ளுவது, இப்படியே தலைமுறை தலைமுறையாக. ஒன்றுக்குப் பாஸ் தொட்டி என்று பெயர், மற்றதற்கு ரிஜெக்ட் தொட்டி. நாலாம் கிளாஸ் படித்துக்கொண்டிருந்த என்னை, கண் நன்றாக இருக்கிறது என்று சித்தி வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஐந்தைந்தாக விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வைப்பாள். நான் குனிந்து பார்த்து "பாஸ்!" "ரிஜெக்ட்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன். அவ்வளவு அதிகாரம் வாழ்க்கையில் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

முதல் இரண்டு மாதம் ஒரு முட்டைகூட இல்லை. இறாலில் ஆணுக்கு நிறம் கம்மி என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. மாப்பிள்ளைகள் அத்தனை பேரையும் ரிஜெக்ட் தொட்டியில் தள்ளிவிட்டு, பெண்கள் ஏன் சினையாகவில்லை என்று கவலையோடு உட்கார்ந்திருந்தோம். விஷயம் தெரிந்த அன்று அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பிடித்தது வேகம். வயிற்றுக்கடியில் கொத்தாக முட்டைகளைச் சுமந்துகொண்டு, காலால் விசிறி விசிறி நடக்கும் தாய்களைப் பார்க்கத்தான் நான் பள்ளியிலிருந்து ஓடிவருவேன். இமை முடியளவு குஞ்சுகள்! ஒவ்வொரு தலைமுறைக்கும் சிவப்பு கூடியது. ஒருநாள் இறால்களெல்லாம் தலைதெறிக்க நீந்திக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் அலறினேன்.

"அய்ய, பயப்படாதடி. ஒருத்தி மேல்தோலு உரிச்சிக்கினு கீறா. அவளத் தேடிக்கினு சுத்துதுங்க. கல்யாணக் கும்மாளம்!" என்றாள் சித்தி. இறால் ஓடினால் சந்தோஷம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம், சென்னையில் வண்ணமீன் வளர்ப்பவர்கள் கூடும் காட்சிக்குச் சித்தி பெயர் கொடுத்தாள். பன்னிரண்டு இறால், கால்நுனி வரை ஒரே சிவப்பாக இருக்கவேண்டும். பெல்ட்டில் ஓடும் அடுத்தவன் பொருளையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, தான் செய்தது என்று மேசையில் வைக்க முதல்முதலாக ஒன்று கிடைத்திருந்தது. கம்பெனியில் லீவு சொன்னாள், புதுச் சுடிதார் தைக்கக் கொடுத்தாள். பதினொன்று தேறிவிட்டன. பன்னிரண்டாவதற்குக் கால் மட்டும் வெளுப்பு. காட்சிக்கு எட்டே நாள்தான் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவிடம் ஒரு செம்புக் குடம் உண்டு. முந்தின நாளே நிரப்பி வைத்த தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் எல்லோரும் குடித்தாகவேண்டும். "இத்தக் குடிச்சா ரத்தம் ஊறும், மூஞ்சி செவக்கும்" என்பது அம்மாவின் சட்டம். அந்த வாரம் அதைக் கேட்டபோது எனக்குப் பளிச்சென்று விளங்கியது. இதை ஏன் சித்திக்கு இத்தனை நாள் தோன்றவில்லை?

மறுநாள் மழைக்காகப் பள்ளி லீவு. சித்தி வேலைக்குப் போயிருந்தாள், அம்மா எதிர்வீட்டில் இருந்தாள். ஒரு சொம்பு செம்புத் தண்ணீரை மொண்டு பாஸ் தொட்டியில் ஊற்றினேன்.

செம்பு இறங்கிய தண்ணீர் மனிதருக்கு மருந்தோ என்னவோ, இறாலுக்கு விஷம். இது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், கொஞ்ச நேரத்தில் இறால்கள் ஓட ஆரம்பித்தன என்பதுதான். மேலும் கீழும், வட்டம் வட்டமாக, இதுவரை பார்த்திராத கும்மாளம்! நானும் தொட்டிக்கு முன்னால் குதித்துக் கைதட்டினேன். இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினேன். ரிஜெக்ட் தொட்டிக்கு ஒரு சொட்டு கொடுக்கவில்லை. அவை அதற்குத் தகுதியானவை அல்ல என்று கறாராக இருந்தேன்.

மத்தியானம் எல்லாம் அடங்கின. ஆடிய களைப்பு என்று நினைத்தேன். சாயங்காலம் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சரிந்து கிடந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

சித்தி நனைந்துகொண்டு வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்றாள். தண்ணீர் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கண்ணாடியில் அவள் ஒட்டியிருந்த டேப்புக்கு இரண்டு விரல் மேலே தண்ணீர் நின்றது. அதைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் நான் வைத்திருந்த சொம்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சி சித்தி?" என்று தேம்பினேன்.

"வெயிலுடி," என்றாள். "சூடு தாங்கல அதுங்களுக்கு."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் சித்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்று அவள் குளியலறைக் குழாயை வெகுநேரம் திறந்தே வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் செம்புக் குடத்தின் இடத்தில் எவர்சில்வர் டிரம் உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு, "புளி போட்டுத் தேச்சித் தேச்சி என் கை போச்சிடி" என்றாள் அம்மா.

காட்சி நடந்த ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் இருக்கவேண்டிய சித்தி வெள்ளைக் கிண்ணத்தை ஜன்னலில் வைத்து, "வா, வேல கீது," என்றாள். மிச்சம் இருந்தது ரிஜெக்ட் தொட்டி மட்டும்தான்.

"அல்லாம் ரிஜெக்ட் சித்தி."

"ரிஜெக்ட்ல எது கொஞ்சம் தேவல, அத்தச் சொல்லு."

சொன்னேன். வெளிறியதில் கொஞ்சம் வெளிறாததாகப் பார்த்து எடுத்தோம். மாதங்கள் போயின. மூன்றாவது தலைமுறைக் குஞ்சுகளைக் கிண்ணத்தில் விட்ட ஒரு காலையில், சோற்று நிறத்துத் தாய் ஒன்றின் பிள்ளைகளுக்கு நடுவில் குங்குமப் பொட்டாக ஒன்று ஊர்ந்தது. சிவப்பு! கால்நுனி வரை சிவப்பு! "பாஸ்! பாஸ்! பாஸ்!" என்று நான் கத்திய கத்தலில் நைனா பாதி முகத்துச் சவரத்தோடு ஓடிவந்தார். எதிர்வீட்டம்மாள் கரண்டியோடு வந்தார். சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். தண்ணீரெல்லாம் எங்கள் மேல். அடுத்த காட்சிக்கு அன்றே பெயர் கொடுத்துவிட்டாள்.

இந்த முறை எந்தக் குறையும் இருக்கக்கூடாது என்று எனக்கு ஒரே துடிப்பு. நல்ல மருந்து கையில் இருக்கிறது, குடம்தான் இல்லை. அம்மாவை நச்சரித்ததில், அது நாகலாபுரத்துப் பெரியம்மா வீட்டில் இருப்பது தெரிந்தது. தசரா லீவுக்கு அங்கே போனபோது, ஒரு பாட்டில் தண்ணீராவது ரகசியமாகப் பிடித்துவந்து சித்தியை அசத்திவிட வேண்டும் என்று பரண்மேல் ஏறினேன்.

குடம் இருந்தது. சித்தியின் பழைய கம்பெனிச் சட்டையில் சுற்றி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, ஏழெட்டு முடிச்சு போட்டிருந்தது. விரல் நோக இழுத்தும் ஒன்றுகூட அவிழவில்லை.

"ஒங்க சித்தியே மடில வெச்சிக்கினு பஸ்ல வந்து குடுத்துட்டுப் போச்சி," என்றாள் பெரியம்மா, கீழேயிருந்து. "யாரு கேட்டாலும் குடுக்காதன்னு வேற சொல்லிச்சி."

ஒரு பழைய குடத்துக்கு இவ்வளவு காவலா, இதை யார் வந்து எடுக்கப்போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.