மறைக்கல்வி வகுப்புக்குப் போகாத வருடம்

மகளின் ஸ்வெட்டரை ஊற வைக்க எடுத்தபோது தைல வாசனை வந்தது. சளிக்குத் தேய்க்கிற தைலம்தான், ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் சளி இல்லை. அது பள்ளி நூலகத்தின் வாசனை. பூச்சி அரிக்காமல் இருக்க அலமாரித் தட்டுகளை நீலகிரித் தைலம் தொட்ட துணியால் துடைப்பார்கள். நான் அங்கே படித்த காலத்திலும் துடைத்தார்கள். ஸ்வெட்டரைக் கையில் பிடித்தபடி துவைக்கிற கல்லருகே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. முந்தைய நாள்தான் அவள் இரண்டு மணி நேரம் காணாமல் போயிருந்தாள்.

காணாமல் போனாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வருகிறது. ஸ்கூலில்தானே இருந்தேன் என்கிறாள். உண்மைதான். ஆனால் பள்ளி வேன் எங்கள் எஸ்டேட் ஃபாக்டரி வளைவில் வந்து நின்று, அவள் மட்டும் இறங்காதபோது எனக்கு அது தெரியாதே. மூடுபனி வேறு. அந்த வாரம் முழுக்கத் தேயிலைக்குள் காட்டெருமைகள் நின்றுகொண்டிருந்தன. "ஏறலீங்களேக்கா. நீங்களே வந்து கூட்டீட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சுட்டேனுங்க" என்றார் டிரைவர். அதே வேனில் ஏறிப் பள்ளிக்குப் போனேன். வகுப்பறைகள், கழிப்பறைகள், சிற்றாலயம் என்று எல்லாம் தேடி, கடைசியில் நூலகத்தில், கடைசி அலமாரிக்குப் பின்னால் அவளைக் கண்டேன். தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் புத்தகம்கூட இல்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண்.

"யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா கண்ணு?"

"சும்மாதாம்மா இருந்தேன். இங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

இந்தப் பதில் எனக்குப் புரியவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. அதே நூலகத்தில் ஒரு வருடம் ஒளிந்திருந்தவள் நான்.

அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள். எஸ்டேட் கோயிலுக்கு மாதம் ஒரு முறை ஃபாதர் வருவார். ஜெபமெல்லாம் தமிழில், அப்பா சொல்லும் ராகத்தோடு எனக்குப் பாடம். ஆறாம் வகுப்புக்கு இந்தப் பள்ளியில் சேர்ந்தேன். புதன்கிழமை மூன்றாவது பீரியடில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஜெபமும் வேதமும் சொல்லித்தரும் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்கள் நூலகத்துக்கு. முதல் புதனன்று, வராந்தாவில் அந்தப் பிள்ளைகள் இங்கிலீஷில் ஜெபம் சொல்லிப் பார்த்தபடி வரிசையில் நின்றார்கள். எனக்கு ஒரு வரிகூட வராது. கால்கள் தானாகப் போய் அடுத்த வரிசையில் நின்றன. என் பெயர் எந்தப் புனிதரின் பெயரும் இல்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாவம் செய்கிறோம் என்ற பயம் இருந்தது. சிரிப்பார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது.

நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் கேரளத்துச் சிஸ்டர் ஒருவர். அதிகம் பேச மாட்டார். நான்காவது புதனாக இருக்கலாம், கீழ்த்தட்டில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். கழுத்திலிருந்து மாதா பதக்கம் கோத்த கறுப்புக் கயிறு வெளியே வந்து தொங்கியது. நிமிர்ந்தால் சிஸ்டர் நிற்கிறார். அவர் இரண்டு விரலால் பதக்கத்தை எடுத்துக் காலருக்குள் விட்டார், ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டார், தன் மேசைக்குப் போய்விட்டார். கன்னியாஸ்திரி அல்லவா, அந்த நிமிடமே என்னை மறைக்கல்விக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியவர். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு எட்டுகிற தட்டில் இருந்த தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் புனிதர்களின் வரலாறுகள். வேறு வழியில்லாமல் அவற்றைத்தான் படித்தேன். வருடக் கடைசியில் எங்கள் எஸ்டேட் ஃபாதரே பள்ளிக்கு வந்தவர், நூலகத்தில் என்னைப் பார்த்துவிட்டார். பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொன்னார். பயத்தில் நான்குதான் வந்தன. மிச்சத்துக்குப் பதிலாக, நெருப்பில் வாட்டப்பட்டவர், அம்பு தைத்தவர், கண் பிடுங்கப்பட்டவர் என்று புனிதர்களை மூச்சுவிடாமல் அடுக்கினேன். ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இவளை ஏன் வகுப்புக்கு அனுப்பவில்லை என்று சிஸ்டரிடம் கேட்டார்.

"பேசாம இருந்து வாசிச்ச குட்டியல்லே, ஃபாதர். நான் எதுக்கு விரட்டணும்?" என்றார் சிஸ்டர்.

அடுத்த புதனிலிருந்து மறைக்கல்விக்குப் போனேன். சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அதற்குள் எனக்கு அது தாங்கக்கூடியதாக ஆகியிருந்தது. எப்படி ஆனது என்று கேட்காதீர்கள்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? ஸ்வெட்டரை ஊற வைத்துவிட்டு உள்ளே வந்து, பள்ளித் தலைமைச் சிஸ்டருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். நூலகத்தைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை, பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். திரும்பப் படித்துப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் எல்லாம் மாறியது. இப்போது வகுப்பு வகுப்பாக, டீச்சரோடு, இருபது நிமிடம்தான் நூலகம். மற்ற நேரம் பூட்டு. அலமாரிகளைச் சுவரோடு ஒட்டி நகர்த்திவிட்டார்கள், பின்னால் யாரும் நுழைய முடியாது. நீங்கள் எழுதியதால்தான் இதையெல்லாம் கவனித்தோம் என்று தலைமைச் சிஸ்டர் நன்றி சொன்னார். அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

அன்று வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது மகள் கேட்டாள்.

"நீதான் எழுதுனியாம்மா?"

"ஆமா கண்ணு. பயந்துட்டேன்."

தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தாள். கோபித்திருந்தால்கூட எனக்குத் தெளிவாக இருந்திருக்கும். இப்போது தினமும் நாலேகாலுக்குச் சரியாக இறங்கிவிடுகிறாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வருகிறது: சாப்பிட்டேன், டெஸ்ட் எழுதினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதிலிருந்து ஒளிந்தாள் என்பது மட்டும் அந்தப் பதில்களில் இல்லை. நேற்று மெதுவாக, நூலகம் பூட்டியிருக்கிறதே, மதிய இடைவேளையில் எங்கே போய் உட்காருகிறாய் என்று கேட்டுப் பார்த்தேன்.

"இப்ப எங்கயும் உக்கார்றதில்லம்மா. நடந்துட்டே இருப்பேன்" என்றாள்.