பிரவுசிங் சென்டர் நோட்டில் என் பாஸ்வேர்டு

காலையில் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்ததுமே கடைக்காரர் வாய் நிறையச் சிரித்தார். "உங்களுக்கு இன்டர்வியூ வந்துகீதும்மா. திங்கக்கெழம, மெட்ராஸ்ல!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இன்னும் மெயிலைத் திறக்கவே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கயிற்றில் தொங்கிய நோட்டைக் காட்டினார். அவர் மெயில் ஐடி திறந்து கொடுத்த அத்தனை பேரின் பாஸ்வேர்டும் அதில் இருந்தது. முக்கால்வாசி முருகன் பெயர்தான். என்னுடையதும்.

"மறந்துட்டா கஷ்டப்படுவீங்கன்னு எழுதி வெக்கிறேன். நேத்து உங்க பாவா வந்தாரு, அவர்கிட்டயும் சொல்லி அனுப்பிச்சேனே!"

பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், நேற்று சாப்பிடும்போது, "பொண்ணுக்கு மெட்ராஸ் வேலயெல்லாம் எதுக்கு?" என்று திடீரென ஆரம்பித்த காரணம் இப்போதுதான் புரிந்தது.

"அடுத்தவங்க தபாலப் பிரிச்சா குத்தங்க. மெயிலும் அப்படித்தானே?" என்றேன்.

"ஆங்... இதுல ஒட்டவே இல்லியேம்மா, பிரிக்கறதுக்கு."

நல்ல மனுஷன்தான். அதற்காக என் கடிதத்தை ஊரே படித்த பிறகா நான் படிப்பது?

பாஸ்வேர்டை மாற்றினேன். வருகிறேன் என்று பதில் அனுப்பினேன். நோட்டில் என் வரியை அடித்த அடியில் அடுத்த பக்கமும் கிழிந்தது.

திங்கட்கிழமை முதல் ரயிலில் போகிறேன். பாவாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தப் பதிவை இங்கேயே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் பேனாவோடு வந்து நிற்கிறார். "புதுசு இன்னாம்மா? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

உங்களில் எத்தனை பேருக்கு இன்னும் முருகன்தான் காவல்? பின்னூட்டத்தில் கை தூக்குங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுதிவிடாதீர்கள்.