பழங்காநத்தத்தில் நின்றுபோன கார்

சிவனாண்டி பஸ்ஸில் அடிபட்டுச் செத்தபோது அவனுடைய கார் ஒரு கீறல்கூட இல்லாமல் பழங்காநத்தத்தில் சாலையோரம் நின்றது. வண்டியைப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் பிடித்தபடி சாலையைக் கடக்கும்போதுதான் பஸ் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி செல்லத்தாயிடம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். கைக்கடிகாரமும் அந்தச் சாவியும் அதில் இருந்தன. சாவியின் கம்பி வளைந்திருந்தது. பட்டன் வைத்த ரிமோட் பகுதி சக்கரத்தில் நசுங்கி, உள்ளேயிருந்த பச்சைத் தகடு உடைந்து வெளியே தெரிந்தது.

வண்டி நின்ற இடம் ஒரு பிராந்திக்கடை வாசல். அதுதான் செல்லத்தாய்க்குத் தாங்கவில்லை. குடிக்க மாட்டேன் என்று இரண்டு வருடம் முன்பு, கார் வாங்கிய அன்று, அவளிடம் சத்தியம் செய்திருந்தான். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்க்காரர்களை மதுரை ஆஸ்பத்திரிகளுக்குக் கூட்டிப்போய் வருகிறவன். குடித்தால் யார் ஏறுவார்கள்? ஆனால் துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலிலேயே பேசிக்கொண்டார்கள். போதையில் பஸ்ஸுக்குக் குறுக்கே போய்விட்டான் என்றார்கள். அவள் காதில் விழ வேண்டும் என்று யாரும் பேசவில்லை. விழாமலிருக்கவும் பார்த்துக்கொள்ளவில்லை. நாள் ஆக ஆக அவளும் அதை நம்பத் தொடங்கினாள். அழுகை நின்று கோபம் வந்தது.

கருமாதி முடிந்ததும், வண்டியை எடுக்காவிட்டால் கிரேன் வைத்துத் தூக்குவோம் என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. சிவனாண்டியின் சித்தப்பா மகன் ஜெயபாண்டியும் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவன். அவன் கம்பெனி ஷோரூமில் போய் விசாரித்தான். ஒரே சாவிதான், அதுவும் உடைந்துபோனது என்றால் பூட்டு, சாவி, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, பழைய வண்டியை விற்றால் வருவதில் பாதி. வெளியே குறைந்த செலவில் செய்கிற ஆள் யார் என்று கேட்டபோது எல்லாரும் ஒரு கடையைத்தான் சொன்னார்கள். பழங்காநத்தத்தில், கார் நின்ற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது அது.

சாவிக்கடை ஆண்டிச்சாமி செல்லத்தாயிடமிருந்து உடைந்த ரிமோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற காரைப் பார்த்தார்.

"அவரு எங்கிட்டத்தான்க்கா வந்தாரு" என்றார்.

செல்லத்தாய்க்கு விளங்கவில்லை. ஆண்டிச்சாமி சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. ரிமோட் பட்டன் சரியாக வேலை செய்வதில்லை, மூடியும் விரிசல் விட்டுவிட்டது, ரப்பர் பேண்டு போட்டு ஓட்டுகிறேன் என்று சிவனாண்டி முந்தின நாளே வந்து காட்டியிருக்கிறான். சாவிக்குப் புதுக் கூடு வந்ததும் மாற்றித் தருகிறேன், நாளைக்கு வாருங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். மறுநாள் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியைத் தூக்கிக் காட்டி, வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறான்.

"நான்தான் கையாட்டி வாங்கன்னு கூப்பிட்டேன்."

செல்லத்தாய் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் குடிக்கவில்லை என்கிற நிம்மதி நெஞ்சுக்குள் வந்தது. வந்த வேகத்திலேயே அது நெஞ்சை அறுத்தது. இத்தனை நாளும் செத்தவனை மனசுக்குள் வைதுகொண்டிருந்திருக்கிறாள்.

ஆண்டிச்சாமி வளைந்த கம்பியை வைத்தே புதுக் கம்பி வெட்டினார். கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்த நாற்றத்தில் ஜெயபாண்டி பின்வாங்கினான். அன்றைக்கு அவள் கட்டிக்கொடுத்த சாப்பாடு, டிபன் பாக்ஸோடு பின்சீட்டில் புழுத்துப்போய்க் கிடந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டி, தெருக்குழாயில் மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஜெயபாண்டி வந்து, "போதும் மதினி" என்று வாங்கிக்கொண்டான்.

பேட்டரியை சார்ஜ் ஏற்றி மாட்டியும் வண்டி கிளம்பவில்லை. சாவியின் தலைக்குள் உளுந்து அளவில் கறுப்பாக ஒரு சிப் இருக்கும், அது கிட்டே இல்லாவிட்டால் இன்ஜின் பிடிக்காது என்றார் ஆண்டிச்சாமி. உடைந்த கூட்டில் அது இல்லை. அடிபட்டபோது தெறித்திருக்க வேண்டும்.

அந்த மத்தியான வெயிலில் செல்லத்தாய் சாலையோர மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேடினாள். பஸ்காரர்கள் திட்டினார்கள். ஜெயபாண்டி கையை நீட்டி வண்டிகளை ஒதுக்கிக்கொண்டு நின்றான். இரத்தம் கிடந்த அடையாளம்கூட இல்லை. மண்ணைக் கிளறக் கிளற பாட்டில் மூடி, கண்ணாடிச் சில்லு, அறுந்துபோன ஒரு செருப்பு வார் எல்லாம் வந்தன. அந்த வார் அவனுடையதுதானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. சிப் கிடைக்கவில்லை.

"வண்டிய முதல்ல வச்சிருந்தவங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கும்க்கா. அதுலயும் சிப் இருக்கும். கேட்டுப் பாருங்க" என்றார் ஆண்டிச்சாமி.

முதலில் வைத்திருந்தவர் துளசிராம். முனிச்சாலைப் பக்கம் நூல் வியாபாரம் செய்கிற சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குப் போன இருவரையும் அவர் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். வண்டி நன்றாக ஓடுகிறதா என்றும் கேட்டார். விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ரோட்டைக் கடக்கும்போது பஸ் அடித்துவிட்டது என்று மட்டும் செல்லத்தாய் சொன்னாள். துளசிராம் பதறிப்போனார். உள்ளே போய் பீரோவைத் திறந்து, பட்டன் இல்லாத ஒரு சாவியை எடுத்துவந்தார். ஒரு தடவைகூடப் புழங்காத சாவி. பளபளவென்று இருந்தது.

"அவரு ரெண்டு மூணு தடவை போன் பண்ணிக் கேட்டாரும்மா. இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கங்கன்னு சொன்னேன். நானாவது குடுத்து விட்டிருக்கலாம்."

ஜெயபாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். செல்லத்தாய் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். இந்தச் சாவி கையில் இருந்திருந்தால் சிவனாண்டி அந்தச் சாவிக்கடைக்கே போயிருக்க மாட்டான் என்பதைச் சொல்லி, இந்த மனுஷனையும் தூங்கவிடாமல் செய்வதில் அவளுக்கு என்ன கிடைக்கும்? காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "வாரோம் ஐயா" என்று எழுந்தாள்.

பழங்காநத்தம் திரும்பி வந்து அந்தச் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. பின்சீட்டில் உட்கார்ந்து அவள் ஊர் வந்து சேர்ந்தாள். வீட்டில் மாமியார் மலையம்மாளிடம்தான் முதலில் சொன்னாள், உங்கள் மகன் குடிக்கவில்லை, சாவி சரிபண்ணத்தான் போனார் என்று.

"குடிக்கத்தான் போயிருக்கக் கூடாதா? அந்தக் கடை வண்டி நின்ன பக்கந்தானே இருந்துச்சு" என்று சொல்லிக் கிழவி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஊரில் சிலர் நம்பினார்கள். சிலர், பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவாள் என்றார்கள். கார் ஜெயபாண்டி கையில் வாடகைக்கு ஓடியது. வருகிறதில் பாதி இவளுக்கு. அதை வைத்துச் சோறு பொங்கினாள். மற்றபடி களையெடுக்கப் போனாள். அவன் மதுரைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லுவாள்.

"எறங்க வேண்டிய பக்கத்துலயே கொண்டுபோயி நிப்பாட்டு தம்பி. சுத்தித் திருப்பிக்கிட்டு வர நேரமானாலும் பரவாயில்ல."