ஒரே போஸ்ட்கோட், இரண்டு கவுன்சில்

1. தொலைபேசியில் சொன்ன பதில்

தென் லண்டனின் ஓரத்தில் ஒரு உள்ளூராட்சிக் கவுன்சிலின் தொலைபேசிப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். குப்பையானாலும் முதியோர் பராமரிப்பானாலும் முதலில் போனை எடுப்பது நாங்கள்தான். அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன்.

மன்னாரைச் சேர்ந்த பிலோமினா அக்கா எங்கள் பங்குக் கோயிலில் பழக்கம். கணவர் சேவியர் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காது. கவுன்சில் அனுப்பும் கேரர்மார் இருவர் தினமும் நான்கு தடவை வந்து அவரைத் தூக்கிக் கழுவி உடுத்திவிடுவார்கள். வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுதானால் அவர் வாரக்கணக்கில் வெளியே வரமுடியாது.

பத்து நிமிட நடையில் கீழ்த்தள வீடொன்று கிடைத்ததும் அக்கா எனக்கு அழைத்தார்.

"தங்கச்சி, அதுவும் உங்கட கவுன்சில்தானே? கேரர்மார் அங்கையும் வருவினமோ?"

இன்னும் பதினேழு பேர் அழைப்பில் காத்திருப்பதாகத் திரை காட்டியது. தெரு எனக்குத் தெரிந்த தெரு, போஸ்ட்கோடும் எங்களுடையதுதான். வீட்டு இலக்கத்தைப் போட்டுப் பார்க்கவில்லை.

"ஓம் அக்கா, எங்கடதான். ஒருத்தருக்கும் அறிவிக்கத் தேவையில்லை. பயப்பிடாமல் மாறுங்கோ."

2. மூடிய கேஸ்

மாறிய அடுத்த வாரம் கேரர்மார் நின்றுவிட்டார்கள். அக்காவின் புது வீடு உட்பட அந்தத் தெருவின் கடைசிப் பத்து வீடுகள் லண்டனுக்கு வெளியே, பக்கத்துக் கவுண்டி என்ற பெரிய நிர்வாகப் பிரிவில் இருந்தன. அங்கே குப்பையும் வீட்டு வசதியும் அதற்குள் இருக்கும் சிறிய டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் வேலை, பராமரிப்பு கவுண்டி கவுன்சிலின் வேலை. முன்கூட்டியே அறிவித்திருந்தால் மாறும் நாளிலிருந்தே உதவி தொடர்ந்திருக்கும். அறிவிக்க வேண்டாம் என்று சொன்னது நான்.

டிஸ்ட்ரிக்ட்டுக்கு அழைத்தேன், பராமரிப்பு தங்களுடையதல்ல என்றார்கள். கவுண்டியில், என்ன உதவி தேவை என்று பார்க்கும் அசெஸ்மென்ட்டுக்கு நீண்ட வரிசை இருந்தது. எங்கள் மேனேஜர், அவர்கள் இப்போது நம் எல்லைக்குள் இல்லை, கேஸை மூடு என்றார். மூடினேன். பிழையான பதில் என்னுடையது என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சில வாரங்களுக்காவது நாங்கள் பொறுப்பேற்றிருக்கக்கூடும். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

கேரர்மார் நின்ற பன்னிரண்டாம் நாள் அக்கா தனியாக அவரைத் தூக்கப்போய் இருவரும் விழுந்தார்கள். அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அண்ணையைக் கவுண்டியின் மறு அந்தத்தில், கட்டில் காலியாக இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்கு அனுப்பினார்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

3. ஆஸ்பத்திரியில்

அக்காவைப் பார்க்கப் போய், எல்லாம் என் பிழை என்று சொன்னேன்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. நீங்கள் எப்பிடியும் வீட்டை கூட்டிக்கொண்டு வருவியள் எண்டு அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்."

அவரை வீட்டுக்குக் கூட்டிவர என்னால் ஏலவில்லை. குளிர்காலம் முடியுமுன் அண்ணை அந்த ஹோமிலேயே இறந்தார். அக்கா ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கியிருந்தார். ஒருமுறைகூட அங்கே போய்ச்சேரவில்லை.

போஸ்ட்கோட் தபால்காரருக்கானது, கவுன்சில் எல்லை அதன்படி ஓடாது. முழு முகவரியைப் போட்டுப் பாருங்கள், கவுன்சில் டாக்ஸ் பில்லில் எந்தக் கவுன்சிலின் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் பிழை என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் மேனேஜரிடம் சொன்னது அடக்கத்துக்கு அடுத்த நாள். அவர் குறித்துக்கொண்டு, அந்தக் கேஸில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார்.