‘செ லோ’ வாயில் வந்த சாயங்காலம்

திருச்செங்கோட்டில், போர் போடும் ரிக் வண்டிகளுக்கு ஹேமர் செய்யும் பட்டறையின் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஹேமர் என்பது காற்றழுத்தத்தில், துளை போடும் முனையான பிட்டை அடித்து அடித்துப் பாறைக்குள் இறக்கும் இரும்புக் குழல். போன வருஷம் பெரு நாட்டுக்காரர் ஒருவர் எங்களிடம் இரண்டு ஹேமர் வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் வராது. முதலாளி என் மேசைக்கு வந்து, ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எனக்கு வயது நாற்பத்திரண்டு. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆறு மாதத்தில் படிக்க வந்தது, எழுதவும் வந்தது. ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். நம் பேச்சில் “குடுத்துட்டேன்” என்றால் போதும். எதை, யாருக்கு என்பது கேட்பவருக்கே தெரியும். ஸ்பானிஷ்காரர்கள் இரண்டையும் சொல்லியாக வேண்டும். ‘அவருக்கு’ என்பதற்கு ‘லே’, ‘அதை’ என்பதற்கு ‘லோ’. ஆள் முதலில், பொருள் அடுத்து. அப்படியானால் ‘லே லோ’ தானே? கூடாது. இரண்டும் பக்கத்தில் வந்தால் ‘லே’ மாறி ‘செ’ ஆகிவிடும்: ‘செ லோ’. ஒருவரை ஏதாவது செய்யச் சொல்லும்போது இரண்டும் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். வாயைத் திறந்தால் வராது. அதனால் மெயிலில், பெட்டியை டிரைவருக்கு அனுப்பினோம், டிரைவர் பெட்டியை வாங்கினாரா என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லியே எழுதித் தப்பித்து வந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்பப் பையை எடுத்தபோது பெருவிலிருந்து வீடியோ கால். அங்கே காலை எட்டு மணி. ஹேமர் வாங்கியவருடைய மெக்கானிக் பேசினார். காற்று போகிறது, ஹேமர் அடிக்கவில்லை, வேலை அப்படியே நிற்கிறது என்றார். கை கழுவிக்கொண்டிருந்த எங்கள் ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். வருஷக்கணக்காக ஹேமரைக் கழற்றி மாட்டுகிறவர். ஈரக் கையோடு வந்து என் பின்னால் நின்றார்.

“அம்மிணி, பிட்டோட வால்ல ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அதக் காட்டச் சொல்லுங்க.”

‘தூபோ’ என்று குழாயின் பெயரைச் சொன்னேன். அடுத்த சொல் யோசிக்காமலே வந்தது: “முவெஸ்த்ரெமெலோ.” எனக்கு அதைக் காட்டுங்கள். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் கேமரா கீழே இறங்கியது. பிட் தெரிந்தது. குழாயின் முனை உடைந்திருந்தது.

அதனால்தான் அடிக்கவில்லை, மாற்றுக் குழாய் பெட்டியிலேயே போட்டு அனுப்பியிருக்கிறோம் என்றார் அண்ணன். பெட்டி எங்கே என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். டிரைவரிடம் இருக்கிறதாம், டிரைவர் லாரிக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். டிரைவரிடம் குழாயைக் கேளுங்கள் என்று வழக்கம்போல முழுசாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“பீதாசெலோ.”

அவரிடம் அதைக் கேளுங்கள். நடுவில் அந்த ‘செ’ தானாக வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மெக்கானிக்குக்கு அதில் ஒரு அதிசயமும் தெரியவில்லை. திரும்பி டிரைவரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் ரொட்டியை மென்றபடி ஒருவர் பெட்டியோடு வந்தார். மெக்கானிக் குழாயைத் தூக்கிக் காட்டினார்.

“யா மே லோ தியோ.”

மே, எனக்கு. லோ, அதை. பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது. என்ன சொல்கிறார் என்று அண்ணன் கேட்டார்.

“குடுத்துட்டாராம்ணா” என்றேன்.

குழாயை மாட்டி, ஹேமரை இறக்க அரை மணி நேரம் ஆனது. நாங்கள் யாரும் போனைக் கட் பண்ணவில்லை. கம்ப்ரசர் இரைந்தது. பிறகு சீராக, தடதடவென்று ஒரு சத்தம். அண்ணன் போனில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அந்தப் பக்கம் புழுதிக்குள் நின்று மெக்கானிக் சிரித்தார்.

ஸ்கூட்டியில் போகும்போது, ‘லோ’வைப் பெண்பாலுக்கும் பன்மைக்கும் மாற்றி, செ லா, செ லோஸ், செ லாஸ் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்தில் வந்த லாரி கிளீனர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றபடியே வீட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

“அப்ப உன்னையவே பெருவுக்கு அனுப்பிருவாங்களாட்ட இருக்குது” என்றார்.

அதுவரை அப்படி ஒரு யோசனையே எனக்கு வந்ததில்லை.

“அனுப்புனா போவேனுங்க” என்றேன்.